மடுவின் பாலை மர நிழலிலே

மருதமடு என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் மனத்தில் எழுவது, வன்னிக் காட்டின் நடுவே நிற்கும் அன்னையின் ஆலயமும் ஆவணித் திருவிழாவின் சனத்திரளுமேயாம். அவ்வாலயத்தின் பெருமையைப் பலர் எழுதியுள்ளனர். நான் எழுதப் புகுவது அங்கே நின்ற ஒரு பாலை மரத்தைப் பற்றியாகும். அதன் நிழலிலே ஆண்டுதோறும் இரண்டு குடும்பங்கள் கொட்டில் போட்டன. ஒன்று எங்களுடையது. மற்றையது நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்தாருடையது. அறுபது ஆண்டுகளிலே அக்குடும்பத்தாரை நான் எவ்வளவு அறிந்தேன், எவ்வளவு அறியாதிருந்தேன் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவர்களை அறிந்த வழியாகவே இயேசுநாதரையும் சிறிது அறியலானேன் என்பதை இந்த முதுமையிலே உணர்கிறேன்.

முதற் பிரயாணம்

1962ஆம் ஆண்டு ஆவணித் திருவிழா. எனக்கு வயது எட்டு. யாழ்ப்பாணத்திலே புகையிரதம் ஏறி, மதவாச்சியில் இறங்கி, தலைமன்னார் வண்டிக்காகக் காத்திருந்து, மடு வீதி நிலையத்தை அடைந்தோம். அங்கிருந்து காட்டு வழியே பஸ் வண்டியில் ஆலயத்துக்குச் சென்றோம். அம்மாவின் மடியிலே சமையற் பாத்திரங்கள். ஐயாவின் தோளிலே பாய்ச் சுருள். என் கையிலே ஓர் அரிக்கன் லாம்பு. வழி நெடுகிலும் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நின்றன. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின.

ஐயா ஒரு பாலை மரத்தைத் தெரிந்தெடுத்து, காட்டுத் தடிகளை நட்டு, கிடுகு வேய்ந்து கொட்டில் அமைத்தார். மாலையிலே ஒரு லொறி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கிழவியும், அவருடைய மகனும் மருமகளும், ஐந்து பிள்ளைகளும் இறங்கினர். மரத்தின் மறுபுறத்திலே அவர்களும் கொட்டில் போடலாயினர். பேச்சுச் சிங்களமாக இருந்தது.

“சிங்கள ஆக்கள். அந்தப் பக்கம் போகாதை” என்றார் ஐயா. அவர் பொல்லாதவர் அல்லர். 1958ஆம் ஆண்டுக் கலவரம் நிகழ்ந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அவருக்குத் தெரிந்த அறிவு அவ்வளவே. எனக்கும் அன்று அவ்வளவே.

ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை எந்தக் கட்டளை தடுக்கும்? மறுநாட் காலையிலேயே அவ்வீட்டுச் சிறுவன் ஒருவன் மரத்தடிக்கு வந்தான். என்னிலும் ஒரு வயது மூத்தவன். அவன் தன் மார்பைத் தொட்டு “ஐயா” என்றான். பின்னர் என்னைச் சுட்டி “மல்லி” என்றான். எனக்குக் கோபம் பொங்கிற்று. ஐயா என்று நான் அழைப்பது என் தந்தையை. மல்லி என்பதோ அம்மா இரசத்துக்கு இடிக்கும் சரக்கு. தன்னை என் தகப்பன் என்றும் என்னைச் சரக்கு என்றும் சொல்லும் இவன் யார்? நான் அவனைத் தள்ளிவிட்டேன். அவன் திருப்பித் தள்ளினான். இருவரும் மணலிலே உருண்டோம்.

அப்பொழுது அந்தக் கிழவி விரைந்து வந்து எங்களைப் பிரித்து, நல்ல தமிழிலே பேசினார்: “மகனே, அவன் உன்னை ஏசவில்லை. எங்கள் சிங்களத்திலே ஐயா என்றால் அண்ணன், மல்லி என்றால் தம்பி. உன்னைத் தம்பி என்றுதான் சொன்னான்.”

நான் வாயடைத்து நின்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். “ஆச்சி, நீங்கள் தமிழோ?” என்று கேட்டார். கிழவி சிரித்தார். “ஆச்சி என்கிறீர்களே, அது எங்களுக்கும் ஆச்சிதான்” என்றார். அக்கா என்பதும் அம்மா என்பதும் இரு மொழிக்கும் பொதுவான சொற்களே என்று அன்று அறிந்தோம்.

அன்றிரவு மறுபுறத்துக் கொட்டிலிலே செபமாலை தொடங்கிற்று. அவர்கள் அதைத் தமிழிலே சொன்னார்கள். ஐயா சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து, பாயை மரத்தின் அடிக்கு இழுத்துப் போட்டு, அவர்களோடு சேர்ந்து மறுமொழி சொல்லலானார்.

இரு மொழிக் கரை

வாசகர்களுள் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரையுள்ள கரையோரக் கிராமங்கள் பலவற்றிலே, வீட்டிலும் கடலிலும் செபத்திலும் தமிழையும், சந்தையிலும் வெளியூரிலும் சிங்களத்தையும் வழங்கிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துள்ளனர். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறியபின், பிள்ளைகள் சிங்களம் எழுதவும் படிக்கவும் கற்றனர். தமிழ் அவர்கள் வாயிலே இருந்தது; கையிலே இல்லை. அக்குடும்பத்தாரைச் சிங்களவர் என்பதா, தமிழர் என்பதா? கேட்டால் அவர்கள் தம்மைச் சிங்களவர் என்றே சொல்வார்கள். வலை இழுக்கும்போதோ தமிழிலே குரல் கொடுப்பார்கள். ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் ஒரு மனிதரை அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது எத்துணைப் பேதைமை!

காலையிலே ஆச்சி எங்களுக்குப் பாண் கொண்டுவருவார். கத்தியால் வெட்டமாட்டார். இரு கையாலும் பிய்த்து, முறுகிய கரையுள்ள பாதியை விருந்தினருக்கும் மென்மையான பாதியைத் தம் பிள்ளைகளுக்கும் கொடுப்பார். அம்மா பதிலுக்குப் புட்டு அவித்துக் கொடுப்பார். பாண் என்ற சொல்லும் இரு மொழிக்கும் பொதுவானது. போர்த்துக்கேயர் இந்நாட்டிலே விட்டுச் சென்ற சொல் அது. மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் அப்படியே வந்தவை.

இரவிலே ஆச்சி மடுவின் பழங்கதையைச் சொல்வார். 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். 1670ஆம் ஆண்டளவிலே மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் அன்னையின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடி வந்தன என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். “அன்றைக்கும் ஓடி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்தானே” என்பார் ஆச்சி.

யோசேவ் வாஸ் சுவாமியாரின் கதையையும் அவரிடமே முதலிற் கேட்டேன். கோவாவிலே 1651இல் பிறந்த அவர், 1687இல் ஏழைக் கூலியாளின் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, வேவுகாரன் என்று ஐயுற்ற அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். 1697இல் கண்டியிலே அம்மை நோய் பரவிற்று. பெற்ற பிள்ளையையும் கைவிட்டு மக்கள் ஓடினர். வாஸ் சுவாமியார் ஓடவில்லை. நோயாளரைக் குளிப்பாட்டி உணவூட்டினார், இறந்தோரைப் புதைத்தார். அதன்பின்னரே, தான் சிறை வைத்த மனிதர் இன்னாரென்று அரசன் நன்கு அறிந்தான். 1711இல் அவர் கண்டியிலேயே காலமானார். 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி காலிமுகத்திடலிலே புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

கையிலே இருந்த பிள்ளை

நானும் ஆண்டுதோறும் சென்றேன். நண்பன் எனக்கு மணலிலே சிங்கள எழுத்துக்களை எழுதிக் காட்டினான். நான் அவனுக்குத் தமிழ் எழுத்துக்களைக் காட்டினேன். அவனுக்கு எங்கள் எழுத்து ஏறவில்லை. எனக்கு அவர்களுடையது விரைவிலே ஏறிவிட்டது.

எனக்குப் பத்து வயதானபோது நடந்ததொன்று. திருச்சுரூபத்தைப் பார்த்துவிட்டு நெரிசலிலிருந்து வெளியே வந்தோம். “என்ன பார்த்தாய்?” என்று ஆச்சி கேட்டார். “மாதாவைப் பார்த்தேன். முடியைப் பார்த்தேன்” என்றேன். அந்தச் சுரூபத்துக்கு 1924ஆம் ஆண்டிலே முடி சூட்டப்பட்ட செய்தி எனக்குத் தெரியும். “கையிலே இருக்கிற பிள்ளையைப் பார்த்தாயா?” என்றார் ஆச்சி. நான் விழித்தேன். மூன்று ஆண்டுகள் அந்தச் சந்நிதியிலே நின்றும், தாயின் கையிலிருந்த பாலனை என் கண் காணவேயில்லை. ஆச்சி என்னை மீண்டும் உள்ளே அழைத்துச் சென்று காட்டினார்.

மனிதர் விடயத்திலும் அப்படியே நேர்ந்தது. ஓராண்டு அக்குடும்பத்திலே மூத்த மகன் வரவில்லை. “அண்ணன் எங்கே?” என்று நண்பனைக் கேட்டேன். “கடலிலே” என்றான். தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வாண்டு அவன் அதிகம் பேசவில்லை, விளையாடவும் இல்லை. வளர்ந்துவிட்டான், கர்வம் பிடித்துவிட்டது என்று எண்ணி, நானும் விலகியிருந்தேன். இரண்டு ஆண்டுகள் சென்றபின் ஒரு நாள், செபமாலையின் முடிவிலே இறந்தோருக்கான செபத்தை ஆச்சி சொல்லும்போது மூத்த மகனின் பெயர் காதில் விழுந்தது. அப்பொழுதுதான் விளங்கிற்று: அவர் கடலிலேயே போய்விட்டார். இரண்டு ஆண்டுகளாக, துக்கத்தை நான் கர்வமென்று வாசித்திருந்தேன்.

அந்த நாளிலே எனக்கு ஞானோபதேசப் பரீட்சையில் முதற் பரிசு கிடைத்துக்கொண்டிருந்தது. இயேசுநாதர் எங்கே பிறந்தார், எத்தனை அப்பங்களைப் பகிர்ந்தார், எவ்வுவமையை எப்போது சொன்னார் என்று கேட்டால் தடையின்றிச் சொல்வேன். அவரைப் பற்றித் தெரிந்ததை அவரைத் தெரிந்ததாகவே கருதியிருந்தேன்.

வந்து சேர்ந்த கடிதம்

1983ஆம் ஆண்டு ஆடி மாதம் நாட்டிலே நடந்ததை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்த என் தம்பியின் வாடகை வீடு எரிந்தது. சில நாட்கள் அகதி முகாமிலே கிடந்து, பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினான். உடுத்த உடுப்பைத் தவிர அவனிடம் ஒன்றும் இல்லை. பல மாதங்கள் அவன் இரவிலே உறங்கவில்லை.

புரட்டாதி மாதத்திலே எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீர்கொழும்பு முத்திரை. உள்ளே சிங்கள எழுத்து. வாசித்தேன், மொழியோ தமிழ். ஆச்சி தமிழிலே சொல்லச் சொல்ல, யாரோ சிங்கள எழுத்திலே எழுதியிருந்தார்கள். ‘தம்பி சுகமா? வீட்டிலே எல்லாரும் சுகமா? எங்களிடம் வாருங்கள். இங்கே இடம் இருக்கிறது’ என்பதே அதன் சாரம். எங்கள் வீட்டிலே அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அம்மா “யாருடைய கடிதம்?” என்று கேட்டபோது, “பாடசாலைக் கடிதம்” என்றேன். அதை மடித்துப் பெட்டியின் அடியிலே வைத்தேன். எல்லாம் முடிந்தபின் கேட்டு என்ன பயன் என்று என் மனம் கொதித்தது.

அதே மாதத்தில் ஒரு நாள், உபாத்தியாயர் அறையிலே நண்பர் ஒருவர், “மாஸ்டர், உங்களுக்கு நீர்கொழும்புப் பக்கம் நல்ல சிநேகிதர்கள் இருக்கினமல்லோ?” என்று கேட்டார். சுற்றி ஐந்தாறு பேர் இருந்தனர். “அப்படி ஒருவரையும் எனக்குத் தெரியாது” என்றேன். அந்தச் சொல் வெகு இலகுவாக வந்தது. அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் அதன் பாரம் தெரிந்தது. ஆயினும் நான் பதில் எழுதவில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. நாங்கள் பல முறை இடம்பெயர்ந்தோம். அந்தப் பெட்டியும் அதிலிருந்த கடிதமும் அழிந்தன. மடுவோ தஞ்சம் தேடி வந்த ஆயிரக்கணக்கானோரின் முகாமாயிற்று. 1999ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலே, ஆலய வளாகத்தினுள்ளே அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் எறிகணை வீச்சில் மாண்டனர்.

மீண்டும் மரத்தடியிலே

2002ஆம் ஆண்டு மாசி மாதம் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சித்திரையிலே கண்டி வீதி திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஆவணியிலே நான் தனியாக மடுவுக்குப் போனேன். வழியெங்கும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். தெற்கிலிருந்து பஸ் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பாலை மரம் நின்றது. ஒரு பெருங்கிளை மட்டும் முறிந்திருந்தது. அதன் அடியிலே நரைத்த தலையுடைய ஒருவர் குந்தியிருந்து, மண்ணெண்ணெய் அடுப்பிலே தேநீருக்கு நீர் வைத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு யாத்திரிகர் என்று நினைத்து, மரத்தின் மறுபுறத்திலே என் பையை வைத்தேன். இருவரும் சிங்களத்திலே இரண்டொரு வார்த்தை பேசினோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். பாதையைப் பற்றிப் பேசினோம். அவரும் என்னை அறியவில்லை.

தேநீர் ஆனதும் அவர் ஒரு பாணை எடுத்தார். கத்தியைத் தேடவில்லை. இரு கையாலும் பிய்த்து, முறுகிய கரையுள்ள பாதியை என்னிடம் நீட்டினார்.

“ஐயா!” என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். “மல்லி” என்றார்.

ஆச்சி 1987இலே காலமாகிவிட்டார். தகப்பனாரும் பின்னர் போய்விட்டார். அவர் சொல்லச் சொல்ல, நான் அறியாத ஒரு செய்தி வெளிவந்தது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது, ஊரடங்குச் சட்டம் சற்றுத் தளர்ந்தவுடனே, அவருடைய தகப்பனார் கொழும்புக்குப் போயிருக்கிறார். அகதி முகாம்களாக்கப்பட்ட பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் இரண்டு நாட்களாக நடந்து, என் தம்பியின் பெயரைச் சொல்லித் தேடியிருக்கிறார். கையிலே இரண்டு பாணும் ஒரு புதுச் சாரமும் வைத்திருந்தாராம். தம்பியைக் காணமுடியவில்லை. கொண்டுபோனதை முகாமிலிருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினாராம். கடிதம் எழுதும்போது இதைச் சேர்க்க வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார். காணாமல் வந்ததைப் போய்ச் சொல்வானேன் என்பது அவர் எண்ணம்.

“நீ பதில் எழுதாதபோது, கடிதம் வழியிலே தவறியிருக்கும் என்று ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்” என்றார் நண்பர்.

எனக்குத் தொண்டை அடைத்தது. “தவறவில்லை. கிடைத்தது. வாசித்தேன்” என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். “எனக்குத் தெரியும்” என்றார். “அப்பாவுக்கும் தெரியும். மல்லி பதில் எழுதுகிறவன். எழுதவில்லை என்றால் அவன் வீட்டிலே பெரிய நெருப்பு எரிந்திருக்கிறது என்று அப்பா சொன்னார். சாப்பிடு, தேநீர் ஆறுகிறது.”

அன்றிரவு நான் லூக்கா சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். யெருசலேமிலிருந்து எம்மாவு என்னும் ஊருக்கு இரண்டு சீடர்கள் ஏறக்குறைய ஏழு மைல் நடக்கிறார்கள். உயிர்த்த இயேசுநாதர் வழித்துணையாக வந்து பேசியும் அவரை அறிந்தார்களில்லை. பந்தியிலே அமர்ந்து, அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதே அவர்கள் கண்கள் திறந்தன. சிறுபிராயந்தொட்டு அக்கதை எனக்கு மனப்பாடம். பழகிய ஒரு கையசைவிலே ஓர் ஆள் முழுவதும் திரும்பி வரக்கூடும் என்பது மட்டும் அன்றுதான் விளங்கிற்று.

இராயப்பரின் கதையையும் வேறு கண்ணோடு வாசித்தேன். மூன்று ஆண்டுகளாகக் கூட நடந்தவர், கூட உண்டவர். ஆனால் பிரதான குருவின் முற்றத்திலே நெருப்புக் காய்ந்துகொண்டு, அம்மனிதரைத் தமக்குத் தெரியாது என்று சாதித்தார். அச்சத்தாற் சொன்ன பொய் என்றே நான் எண்ணியிருந்தேன். அது ஒரு வகையிலே உண்மையுமாம். தம்மை மறுதலிப்பவரையும் விட்டு நீங்காத ஒருவரை இராயப்பர் அதுவரை அறிந்ததில்லை. பின்னர் கடற்கரையிலே இயேசுநாதர் மற்றொரு நெருப்பை மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. உணவு முடிந்தபின், தம்மை நேசிக்கிறாயா என்று மும்முறை கேட்டார், அவ்வளவே. நான் அறியாதிருந்த காலத்தும் என்னை அறிந்திருந்தவர் ஒருவர் உண்டென்பதை ஏட்டிலே படித்திருந்தேன். ஒரு மீனவர் அடுப்பை அணைத்துக்கொண்டு சொன்ன இரண்டு வார்த்தையிலே அதை அனுபவித்தேன்.

இரண்டு பாண்

மீண்டும் யுத்தம் மூண்டது. 2008ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே அன்னையின் சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆவணியிலே மடுவுக்குத் திரும்பி வந்தது. 2009இல் யுத்தம் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுதோறும் நாங்கள் இருவரும் மரத்தடியிலே சந்தித்தோம்.

2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலே புனித செபஸ்தியார் ஆலயத்தினுள் குண்டு வெடித்தது. அங்கே மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் பலியாயினர். நண்பரின் தொலைபேசிக்கு எடுத்தேன். பதிலில்லை. மறுபடியும் எடுத்தேன். பதிலில்லை. அன்றிரவு ஒரு தாளை எடுத்து, சிங்கள எழுத்திலே, தமிழ் வார்த்தையிலே, சுகமா என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. கடிதம் போய்ச் சேருமட்டும் பொறுத்திருப்பதா?

அந்த வாரத்திலேயே, ஊரடங்கு நீங்கிய ஒரு பகற் பொழுதிலே பஸ் ஏறினேன். புத்தளம், சிலாபம் வழியாகப் போகும் வண்டி. வழியிலுள்ள ஊர்களிலெல்லாம் வெள்ளைக் கொடிகள் தொங்கின. நீர்கொழும்பிலே இறங்கி, ஒரு கடையிலே இரண்டு பாணும் பக்கத்துக் கடையிலே ஒரு சாரமும் வாங்கிக்கொண்டேன். நான் அவர்கள் வீட்டுக்குப் போனது அதுவே முதல் முறை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிநேகத்திலே, அவர்கள்தாம் என்னை அழைத்தார்கள். நான் ஒரு நாளும் போனதில்லை.

அவர் வாசலிலே நின்றார். அவருடைய வீட்டார் தப்பியிருந்தனர். அயலிலே மூன்று வீடுகளில் சாவு. என்னைக் கண்டார், பின்னர் என் கையிலிருந்த பொதியைக் கண்டார். அதிலிருந்து அவர் கண் நெடுநேரம் அகலவில்லை. உள்ளே திரும்பி மனைவியிடம், “மல்லி வந்திருக்கிறான்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. அந்தப் பாணை எடுத்துக்கொண்டு இருவருமாக அயல் வீடுகளுக்குப் போனோம்.

வாசகர்களே, இளைஞர்களே! ஒருவரை ஓரிரு சந்திப்பிலே அறிந்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள். ஒரு பெயரால், ஒரு மொழியால், ஒரு செய்தியால் அறிந்துவிட்டோம் என்றும் எண்ணாதீர்கள். கூட இருந்து, கூட உண்டு, தவறு செய்து, திரும்பி வந்து அறிய வேண்டியது அது. இயேசுநாதரை அறிதலும் அவ்வாறே என்று என் அனுபவத்திலே சொல்வேன். பரீட்சையிலே எனக்குப் பரிசு கொடுத்த அறிவு பொய்யன்று, அது வாசற்படி. உள்ளே போவதற்கு என் ஆயுள் முழுவதும் சென்றது. இன்னும் வாசலைத் தாண்டிச் சிறிது தூரமே வந்திருக்கிறேன்.

நண்பர் இப்போது இல்லை. சென்ற ஆவணித் திருவிழாவுக்கு என் பேத்தியை அழைத்துச் சென்றேன். மரத்தின் மறுபுறத்திலே அவருடைய மகனும் மருமகளும் கொட்டில் போட்டிருந்தனர். அவர்களுடைய சிறு பையனுக்குத் தமிழ் தெரியாது. என் பேத்திக்குச் சிங்களம் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் சிறிது நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னர் அவன் தன் மார்பைத் தொட்டு “ஐயா” என்றான். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்திலே கோபம் ஏறிற்று.

நான் எழுந்து போய், ஆச்சி எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.